நாலு, அஞ்சு, நாலு

எட்டாம் மாதத்தில் ஒருத்தி கல்லூரிக்குப் போகிறாள் என்றால் ஊரே அவளைத் தாங்கும் என்று நினைப்பீர்கள். ஊர் தாங்கியதோ இல்லையோ, கல்லூரி பெஞ்சு தாங்கவில்லை. அந்த பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி விட்ட மகானுபாவன், மனிதர்களுக்கு வயிறு என்ற ஒன்று உண்டு என்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டான். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தை மட்டும் கரும்பலகைப் பக்கம் திருப்பி, மூன்றாம் ஆண்டுப் புள்ளியியலைப் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் வீடு திரும்பினால் கழுத்து தனியாக வலிக்கும், இடுப்பு தனியாக வலிக்கும். இரண்டுக்கும் நடுவே குடித்தனக்காரர் நிம்மதியாக நீட்டிப் படுத்திருப்பார். வயிற்றுக்குள் இருந்த ஜீவனுக்கு நான் வைத்த பெயர் அது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், மாமனார். என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நான் படிப்பை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றதும், சமையல், பாத்திரம், துணி என்று எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார். லிப்டைப் பழுது பார்ப்பதுபோலத்தான் சமைப்பார். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்ப்பார். உப்பை மட்டும் மறந்துவிடுவார். மாமா கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருந்தார். கத்தரிக்கோல் நின்றாலும் அவர் வாய் நிற்காது.

இவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு ஒரே ஒரு வேலையைத்தான் விட்டுவைத்தார்கள். அது ஆஸ்பத்திரி சிஸ்டர் கொடுத்த வேலை.

"மூணு வேளையும் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சும்மா சாய்ஞ்சு உக்காரு. குழந்தை எத்தனை தடவை அசையுதுன்னு எண்ணு. எண்ணி ஒரு நோட்டுல எழுது. மூணு வேளையும் சேர்த்துப் பத்துக்குக் கீழ போச்சுன்னா எனக்கு உடனே போன் பண்ணு. புரிஞ்சுதா?"

"புள்ளியியல் படிக்கிறவகிட்ட எண்ணச் சொல்றீங்களே சிஸ்டர்," என்று அன்றைக்குப் பெருமையடித்தது நான்தான். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அதே மாதம்தான் கல்லூரியிலும் ப்ராஜெக்ட் வேலை. ஒரு கடைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முப்பது நாள் கணக்கெடுக்க வேண்டும். தினமும் காலை, மதியம், மாலை என மூன்று மணி நேரம். கையில் வெண்ணெயாக மாமாவின் சலூன் இருக்க, நான் ஏன் அலைய வேண்டும்? சொன்னதும் மாமா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார். யாராவது வாசற்படியை மிதித்தால் ஒரு கோடு.

கடைக்குப் போய் இரண்டு நோட்டு வாங்கி வந்ததும் அவர்தான். ஒன்று சலூனுக்கு, ஒன்று குடித்தனக்காரருக்கு. அட்டை போடாத நோட்டு, பாதி முகம் சவரம் செய்துவிட்டு எழுந்து போன ஆளைப்போல என்பது அவருடைய கொள்கை. இரண்டுக்கும் ஒரே பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, இரண்டிலும் என் பெயரையும் ரோல் நம்பரையும் குண்டு குண்டாக எழுதினார்.

"ஆஸ்பத்திரி நோட்டுக்கு எதுக்கு மாமா ரோல் நம்பர்?"

"இருக்கட்டும்மா. தொலைஞ்சா தேடி வரும்ல?"

நான் சோம்பேறி இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதல் நான்கு நாள் சத்தியமாக எண்ணினேன். வேளைக்கு வேளை ஒன்பது, இரண்டு, ஆறு, பதின்மூன்று என்று இஷ்டத்துக்கு வந்தது. குடித்தனக்காரருக்கு ஒழுங்கு கிடையாது. தோன்றினால் உதைப்பார், இல்லையென்றால் தூங்குவார்.

ஐந்தாம் நாள் வகுப்பில் ஒரு தேர்வு இருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் சாய்ந்து உட்கார்ந்தேன். மடியில் நோட்டு இருந்தது, ஆனால் பாட நோட்டு. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. குடித்தனக்காரர் அசைந்தது தெரியும். எத்தனை முறை என்பதுதான் தெரியாது. நாலு இருக்கும் என்று பட்டது. எழுதினேன். மதியம் கேன்டீனில் தோழிகளோடு வாயடித்ததில் அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. அஞ்சு என்று எழுதினேன். இரவுக்கு நாலு. கூட்டினால் பதின்மூன்று. பத்துக்கு மேல்! சிஸ்டருக்கும் திருப்தி, எனக்கும் மூன்று மணி நேரம் மிச்சம்.

அப்புறம் என்ன, பழகிவிட்டது. வீட்டில் நான் சாய்ந்து உட்கார்ந்தால் அவர்கள் இருவரும் பூனைபோல நடப்பார்கள். "எண்ணிட்டு இருக்கா, சத்தம் போடாதீங்கப்பா," என்று இவர் மாமாவை அடக்குவார். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை மனப்பாடம் செய்வேன். சில நாள் தூங்கியே போவேன். இரவு வேளைக்கான எண்ணை மாலையில் பஸ்ஸிலேயே எழுதிவிடும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நாலு, அஞ்சு, நாலு. மறுநாள் அஞ்சு, நாலு, அஞ்சு. பார்க்கவும் அழகாக இருந்தது.

ப்ராஜெக்ட்டுக்குக் கடைசி நாளும் ஆஸ்பத்திரிச் செக்கப்பும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வந்தன. காலை பத்து மணி. நான் இவரிடம் சொன்னேன்:

"நீங்க போய் டோக்கன் எடுத்து, நோட்டை சிஸ்டர்கிட்ட குடுத்துட்டு உக்காருங்க. நான் ப்ராஜெக்ட்டைக் குடுத்துட்டுப் பதினொண்ணரைக்கு அங்க வந்துடறேன்."

மேசைமேல் இருந்த நோட்டுகளில் ஒன்றை அவரும் ஒன்றை நானும் எடுத்துக்கொண்டோம். கிளம்பும் அவசரத்தில் எது எந்த நோட்டு என்று இருவருமே திறந்து பார்க்கவில்லை.

எங்கள் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் சராசரி மேடம். எதைக் கேட்டாலும் "சராசரி என்ன, விலகல் என்ன?" என்று திருப்பிக் கேட்பார். நான் போனபோது ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தார். ஒரு கையில் பிஸ்கட், ஒரு கையில் சிவப்புப் பேனா. ப்ராஜெக்ட் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டை வாங்கி அட்டையில் இருந்த ரோல் நம்பரைக் குறித்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"உங்க மாமனார் சலூன்ல வாசல்ல ஆள் நிறுத்தி டோக்கன் குடுக்குறாரா?"

"இல்லையே மேடம்."

"அப்புறம் எப்படி எல்லாரும் பேசி வெச்ச மாதிரி வர்றாங்க? காலையில நாலு பேரு, மதியம் அஞ்சு பேரு, சாயங்காலம் நாலு பேரு. மழை பெஞ்சாலும் நாலு, ஞாயித்துக்கிழமையும் அஞ்சு! சராசரி நாலரை. விலகல்? ஒண்ணுமே இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மாமாவைப் பொய்க்கணக்கு எழுதுபவர் என்று சொல்ல இவர் யார்? "மேடம், அவரு ஒவ்வொரு ஆளையும் பார்த்துப் பார்த்துத்தான்..." என்று சண்டைக்குத் தயாரானேன்.

"முதல் நாலு நாள் சரியா இருக்கு. ஒன்பது, ரெண்டு, ஆறு, பதிமூணு. அது நிஜம். அஞ்சாம் நாள்ல இருந்து யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க. எனக்கே காது குத்துறியா? வந்த கணக்கு இப்படி இருக்காதும்மா. எழுதுன கணக்குதான் இப்படி இருக்கும்."

ஐந்தாம் நாள் என்றதும் எனக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தேன். மாமா எழுதுவது பென்சிலில். நோட்டில் இருந்தது நீல மை. என் கையெழுத்து.

நோட்டு மாறிவிட்டது. 

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இது சலூன் கணக்கு என்று சாதித்தால் பொய் டேட்டா, ப்ராஜெக்ட் ரத்து. அடுத்த வருஷம் கைக்குழந்தையோடு வந்து எழுது என்பார்கள். எவள் எழுதினாள்? என் பட்டம் அத்தோடு போயிற்று. நோட்டு மாறிப்போச்சு என்று சொன்னால் ப்ராஜெக்ட் தப்பிக்கும். ஆனால் இது என்ன நோட்டு என்று சொல்லியாக வேண்டும். பெற்ற பிள்ளையின், இன்னும் பெறாத பிள்ளையின், கணக்கிலேயே கை வைத்தவள் என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் திருதிருவென விழித்தேன்.

"நோட்டு மாறிடுச்சு மேடம்."

"அப்ப இது என்ன நோட்டு?"

"அது வேற ஒரு கணக்கு மேடம்."

"என்ன கணக்கு?"

நான் கைப்பையை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அப்புறம் மெல்ல என் வயிற்றைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அழைத்தது இவர்தான், பேசியது சிஸ்டர்.

"என்னம்மா இது? ஞாயித்துக்கிழமை காலையில முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு! பக்கத்துல குறிப்பு வேற. 'அதில் இரண்டு பேர் பேப்பர் மட்டும் படித்துவிட்டுப் போனார்கள்.' உள்ள எத்தனை பேரும்மா இருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். "அது சலூன் நோட்டு சிஸ்டர். எங்க மாமா எழுதினது. மாறிப்போச்சு."

"நல்ல குடும்பம். சரி, அதை விடு, ஃபைல்ல நான் எழுதணும். நேத்து எத்தனை?"

நாலு, அஞ்சு, நாலு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே சராசரி மேடம், விரலை அதே வரியில் வைத்துக்கொண்டு, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கேக்குதா? சரி, இன்னிக்குக் காலையில எத்தனை?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கடைசியா எப்ப அசைஞ்சுது? அதையாவது சொல்லு."

நான் யோசித்தேன். காலையில் பஸ்ஸில்? இல்லை, பஸ்ஸில் அறிக்கையின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது? நினைவில்லை. நேற்று மாலை முழுக்க அறிக்கையில் வரைபடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால்? எனக்கு எல்லாமே நினைவிருந்தது, எந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் ஒட்டினேன் என்பதுகூட. இது மட்டும் நினைவில்லை. கையை வயிற்றில் வைத்தேன். வயிறு சும்மா இருந்தது.

"தெரியல சிஸ்டர்," என்றேன். 

சிஸ்டரின் குரலில் இருந்த கேலி சட்டென்று போய்விட்டது. "பயப்படாதே. அவரு டாக்சி எடுத்துட்டு அங்க வர்றாரு. அதுவரைக்கும் நடக்காதே. இடது பக்கமாப் படு, குளுந்த தண்ணி குடி, எண்ணு. அசைஞ்சாலும் சரி, அசையாட்டியும் சரி, நேரா இங்க வந்துடணும்."

சிஸ்டர் சொன்னது மேடத்துக்கும் கேட்டிருந்தது. நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டார், தன் சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்தார், தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். விடைத்தாள் கட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பென்சிலோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மணி பத்து இருபது. வந்தா சொல்லு. வராததை மட்டும் சொல்லிடாதே."

நான் படுத்துக்கொண்டு எண்ணக் காத்திருந்தேன். எண்ண ஒன்றுமில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. பக்கத்து வகுப்பில் யாரோ வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். குடித்தனக்காரரை முதலில் மிரட்டினேன். மரியாதையா ஒரு உதை விடு, இல்லைன்னா வெளியே வந்ததும் உனக்கு இருக்கு என்றேன். அப்புறம் கெஞ்சினேன். இனிமேல் தினமும் எண்ணுகிறேன், மூன்று வேளை என்ன, முப்பது வேளை எண்ணுகிறேன் என்றேன். எத்தனை நாள் நான் புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தபோது என் விலாவில் உதைத்து உதைத்துக் கூப்பிட்டது! சும்மா இரு, படிக்கணும் என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்! அவ்வளவு நான் அதற்கு முன்னால் பயந்ததில்லை.

"ஒன்பது நிமிஷம்," என்றார் மேடம். அவர் குரலும் சரியில்லை.

பதினோராவது நிமிஷம் அது வந்தது. நல்ல, முழு உதை. அடிவயிற்றின் வலது ஓரத்தில்.

"வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு!"

பென்சில் நோட்டுக்கு மேலே நின்றது. "நிஜமா?"

"மேடம்!"

"இருவத்தஞ்சு நாளு எழுதினவதானே நீ? உன்னை நான் எப்படி நம்புறது?"

அவர் கையைப் பிடித்து இழுத்து நானே வைத்தேன். குடித்தனக்காரர் ஏமாற்றவில்லை. சராசரி மேடம் சூடு பட்டதுபோலக் கையை எடுத்தார், எடுத்த வேகத்தில் திரும்ப வைத்தார். மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "அடேயப்பா," என்றார். இரண்டு கோடு போட்டார். சந்தோஷத்தில் பென்சில் முனையை உடைத்துவிட்டு, வேறொரு பென்சில் தேடினார்.

இவர் வந்தபோது நான்கு கோடு விழுந்திருந்தது. படிகளில் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. நாற்காலி வரிசையில் நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அசையுதுங்க," என்றேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் கையில் இருந்த சலூன் நோட்டை மேடம் மெல்ல உருவிக்கொண்டார். புரட்டினார். "முப்பத்தொண்ணு... ரெண்டு... கரண்ட் இல்லை, யாரும் வரவில்லை, பூஜ்யம். இதுதான் நிஜம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ரோல் நம்பருக்கு நேரே டிக் அடித்தார். என் வருஷம் தப்பியது. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவே இல்லை.

"ஒண்ணு புரியலை," என்றார் இவர். "நேத்து நாலு, அஞ்சு, நாலுன்னு எழுதியிருந்தியே. அப்புறம் ஏன் சிஸ்டர்கிட்ட தெரியலைன்னு சொன்னே?"

மேடம் சலூன் நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தப்பிக்க வழியே இல்லை என்று இல்லை. இவரிடம் எதைச் சொன்னாலும் நம்புவார். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"நானா எழுதினேங்க. எண்ணவே இல்ல. முதல் நாலு நாள் மட்டும்தான் எண்ணினேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் தினமும் காலையில அதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். நீ தூங்கிட்டு இருப்பே," என்றார். "அங்க எல்லாரும் கேப்பாங்க, ராத்திரி எத்தனைன்னு. சொல்லுவேன். அஞ்சு வந்த அன்னிக்கெல்லாம் பசங்களுக்கு டீ சொல்லியிருக்கேன்."

தலைக்கு வைத்த சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கை வெச்சா அது நின்னுடுதுல்ல? எனக்குத் தெரிஞ்சது அந்த நோட்டு மட்டும்தான்."

நான் அழுதேன். அழகாக எல்லாம் இல்லை; மூக்கு ஒழுக, மேடத்தின் சால்வையில் துடைத்துக்கொண்டு அழுதேன். நான் ஏமாற்றியது சிஸ்டரை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இவர் கையைப் பிடித்து வயிற்றுப் பக்கம் இழுத்தேன். அவர் விடவில்லை.

"வேணாம், வேணாம். இப்பதான் அசையுது. நான் வெச்சா நின்னுடும்."

"நிக்கட்டும். நின்னா காத்துக்கிட்டு இருப்போம். நீங்களே எண்ணுங்க."

கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வைத்தார். அவர் சொன்னதுபோலவே குடித்தனக்காரர் சட்டென்று அடங்கிவிட்டார்.  இவர் கையை எடுக்கப் பார்த்தார், நான் மேலே என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மேடம் எழுந்து போய் ஜன்னல் வழியாக, "வர்றாங்க, ஒரு நிமிஷம்!" என்று அவருக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு வந்தார்.

அப்போது உதைத்தது. அவர் உள்ளங்கைக்கு நேரே.

"ஒண்ணு," என்றார் இவர், மூச்சுக்காற்றில்.

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு." உடனே, "மூணு." எனக்கே தெரியாத ஒரு சின்ன அசைவுக்கு, "நாலு." ஹாரன் மறுபடியும் அடித்தது. சிஸ்டர் வேறு போன் செய்தார். நான் சால்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அவர் கை அப்படியே கூடவே வந்தது.

மேடம் பென்சிலோடு குனிந்தார். "எத்தனைன்னு போடட்டும்?"

"இருங்க மேடம்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் முடியலை."